திரையின் மௌனமும் மேடையின் மொழியும்

ஒரு கலைஞரை அவருடைய படைப்பின் வழியே அறிவது ஒன்று. அவரை நேரிற் கண்டு அவர் பேசக் கேட்பது மற்றொன்று. முன்னதில் தேர்ச்சி பெற்றவர் பின்னதிலும் தேர்ச்சி பெற்றவராக இருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவ்வெண்ணம் பிழை என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ஒரு மாலைப்பொழுது நமக்கு உணர்த்தியது. கன்னடத் திரைப்பட இயக்குநர் கிரீஷ் காசரவள்ளி ஓர் அரங்கில் உரையாற்றுகிறார் என்று கேள்வியுற்று, நண்பர் இருவருடன் அல்சூரிலிருந்து புறப்பட்டுச் சென்றோம்.

காசரவள்ளியைத் தமிழ் வாசகர்க்குச் சிறிது அறிமுகம் செய்வது தகும். சிவமொக்கா மாவட்டத்தில் 1950-இல் பிறந்தவர். மருந்தியல் பயின்று, பின்னர்ப் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தவர். 'கடஷ்ராத்த' (1977), 'தபரன கதெ' (1986), 'தாயி சாகேப' (1997), 'த்வீப' (2002) ஆகிய நான்கு படங்களுக்காக, நாட்டின் சிறந்த படத்திற்குரிய தங்கத் தாமரை விருதை நான்கு முறை பெற்றவர். இவருடைய படங்களை நாம் பல ஆண்டுகளாக விரும்பிப் பார்த்து வந்துள்ளோம். தூர்தர்ஷனின் ஞாயிறு பிற்பகல்களில் பிறமொழிப் படங்களைப் பார்த்துப் பழகிய தலைமுறை நம்முடையது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகள் பாதி கண்ணிற்பட்டும் பாதி படாமலும் போகும். ஆயினும் படம் நெஞ்சில் தங்கிவிடும்.

ஆகவே அரங்கினுள் நாம் அமர்ந்தபோது, நெடுநாள் நண்பரைக் காணப்போகும் உரிமை நம்மிடம் இருந்தது. நம் ஊர்த் திரைவிழாக்களில் காணும் ஆளுயர மாலைகளும் பொன்னாடைகளும் அங்கே இல்லை. உரை தொடங்கிற்று. சில நிமிடங்களிலேயே நமக்கு வியர்த்தது. அது கன்னட உரை. இலக்கியமும் திரைக்கலையும் கலந்த நடை. நாம் அறிந்ததோ காய்கறி வாங்கவும் ஆட்டோவுக்கு வழி சொல்லவும் உதவும் கடைத்தெருக் கன்னடம். இந்நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், அதன் தலைசிறந்த கலைஞர் ஒருவரின் பேச்சில் பாதியைக் கூட நம்மால் பின்தொடர இயலவில்லை.

படம் புரிந்தது, பேச்சு புரியவில்லை. இது ஏன் என்று எண்ணிப் பார்த்தால், அவருடைய கலையின் இயல்பே விடையாக வருகிறது.

யு. ஆர். அனந்தமூர்த்தியின் கதையைத் தழுவிய 'கடஷ்ராத்த' ஒரு சிறுவனின் கண்வழியாக நகர்கிறது. வேதம் பயில வந்த நாணி, ஆசிரியரின் விதவை மகள் யமுனாவின் துன்பத்திற்குச் சாட்சியாகிறான். அவள் உயிரோடிருக்கையிலேயே தந்தை அவளுக்குக் குடமுடைத்து ஈமச்சடங்கு செய்கிறார். இறுதியில் தலை மழிக்கப்பட்டு மரத்தடியில் அமர்ந்திருக்கும் அவளைச் சிறுவன் பார்க்கிறான். அங்கே எவரும் நீதி பேசுவதில்லை. பேசியிருந்தால் நாம் அவர்களோடு உடன்பட்டுக் கைதட்டிவிட்டு எழுந்து வந்திருப்போம். பேசாமையால் அச்சிறுவனின் பார்வை நம்முடையதாகிவிடுகிறது. இப்படத்தின் புதுப்பிக்கப்பட்ட படி 2024-இல் வெனிசுத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. மலைநாட்டு அக்கிரகாரத்தின் கதை அத்தனை தொலைவு செல்ல முடிந்ததற்கு அந்த மௌனமும் ஒரு காரணம் என்போம்.

பூர்ணசந்திர தேஜஸ்வியின் கதையிலிருந்து பிறந்த 'தபரன கதெ'யில் ஓய்வு பெற்ற கடைநிலை ஊழியன் ஒருவன், நோயுற்ற மனைவியின் மருத்துவத்திற்காகத் தன் ஓய்வூதியத்தை நாடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறான். அவள் இறந்த பின்னரே பணம் வருகிறது. தபரனாக நடித்துத் தேசிய விருது பெற்றவர் நம் சாருஹாசன். அவருடைய நடையிலும் தோளிலும் ஒரு மனிதனின் நம்பிக்கை படிப்படியாக வற்றுவதைக் காண எந்த மொழியறிவும் வேண்டுவதில்லை.

தமிழ்த் திரையின் மரபு வேறு. 'பராசக்தி' (1952) முதலாக நம் திரை, மேடையின் உடன்பிறப்பாக வளர்ந்தது. வசனம் மக்களைத் தட்டியெழுப்பிற்று. அதன் வரலாற்றுப் பயனை நாம் குறைத்துரையோம். எனினும், அனைத்தையும் சொல்லிவிட வேண்டும் என்ற பழக்கம் நம் செவியை வளர்த்த அளவிற்குக் கண்ணை வளர்க்கவில்லை. மேடையில் சிங்கமென முழங்கிய ஜெயகாந்தனே 'உன்னைப்போல் ஒருவன்' (1965) படத்தை அடக்கமான குரலில் எடுத்தார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். திரைக்குரிய மொழி வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அரங்கிற்குத் திரும்புவோம். நம் நெற்றிச் சுருக்கத்தைக் கண்ட பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர், "தமிழா? நான் சொல்றேன், கேளுங்க" என்று மெல்லிய குரலில் தமிழிலேயே சாரத்தைச் சொல்லத் தொடங்கினார். அவர் கன்னடர். உரை முடியும்வரை அவ்வுதவி தொடர்ந்தது. அவர் வாயிலாகக் கேட்டதை இங்கு நாம் எழுதப் போவதில்லை. மொழிபெயர்ப்பில் கேட்டதை நினைவிலிருந்து எடுத்து ஒரு கலைஞர்மேல் ஏற்றுவது முறையன்று. ஆனால், "தமிழ் எங்கே கற்றீர்கள்?" என்று நாம் வினவியபோது, "பக்கத்து வீட்டுக்காரங்க தமிழ்தானே" என்று அவர் சொன்னதை மறைக்க மாட்டோம். நம் பக்கத்து வீட்டாரும் கன்னடர்தாம்.

திரும்பும் வழியில் நண்பர் ஒருவர், "படமே புரிகிறபோது பேச்சு எதற்கு? கலைஞன் தன் படைப்புக்கு உரை எழுத வேண்டுமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. படைப்பாளியின் விளக்கம் படைப்பின்மீது இறுதித் தீர்ப்பு ஆகாது. படத்தை நாம் நம் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். ஆயினும், படம் நம்மைத் தேடி வருகிறது. மனிதரை நாம்தான் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. படத்தைப் பார்ப்பதற்கு நல்ல கண் போதும்; மனிதரோடு பேசுவதற்கு அவருடைய மொழி வேண்டும்.

அல்சூர் ஏரியருகே வள்ளுவர் சிலை பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009-இல் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. இரண்டையும் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் சர்வக்ஞரை அவர் மொழியில் படிக்க நம்முள் எத்தனை பேர் முயன்றோம்? அன்றிரவு இவ்வினாவோடுதான் வீடு சேர்ந்தோம். மறுவாரம் கன்னட அரிச்சுவடி ஒன்று வாங்கினோம். முதுமையில் எழுத்துக் கூட்டுவது எளிதன்று. ஆயினும் அடுத்த முறை அவர் பேசும்போது, பக்கத்து இருக்கைப் பெரியவருக்குத் தொல்லை தராமல் கேட்க வேண்டும் என்பது நம் ஆசை.