காடு என்னும் சொல்: ஒரு தீர்ப்பைக் குறித்து

கோவளத்துச் சவுக்குத் தோப்புகளை இவ்வூரார் சிலர் காடு என்றே அழைப்பர். நட்டு வளர்த்து, விலைபேசி வெட்டப்படும் மரங்கள் காடாகுமா? 1996ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நமது உச்சநீதிமன்றம் இத்தகைய கேள்விக்கே விடையளிக்க நேர்ந்தது.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு அது. காட்டு நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். காடு எது என்று அது சொல்லவில்லை. நீதிபதிகள் வர்மாவும் கிர்பாலும் அகராதிப் பொருளைக் கொண்டனர்: உடையவர் யாராயினும், காடாயிருப்பது காடே. மத்திய அரசு ஏற்ற செயல்திட்டத்தின்படியன்றி அங்கே மரம் வெட்டலாகாது. முன்பு காடாயிராத இடத்தில் நட்டு வளர்த்த மரங்களுக்குத் தமிழ்நாட்டில் விலக்கு உண்டு. எங்கள் சவுக்கு தப்பிற்று எனலாம்.

இத்தீர்ப்பு செய்த நன்மை பெரிது. பதிவேட்டில் பெயரை மாற்றிக் காட்டை அழிக்கும் வழியை அது அடைத்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பொருளைக் குறுக்க முற்பட்டபோதும், 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்கால ஆணையால் பழைய பொருளையே பின்பற்றச் சொன்னது.

ஆயினும், எபிரேய அகராதியை மட்டும் துணைக்கொண்டு பிரசங்கம் எழுதிவரும் மாணவனை நாம் என்ன சொல்லித் திருப்பி அனுப்புகிறோம்? சொல் வழங்கும் இடத்தையும், வழங்குகிற மக்களையும் பார்த்து வா என்கிறோம் அல்லவா? அகராதிக் காட்டில் மரம் உண்டு. பணியரும் காட்டுநாயக்கரும் இல்லை. தமிழ்நாட்டைக் குறித்த ஆணைப்பகுதியில் பழங்குடியினர் வருவதோ, பட்டா நிலத்தில் சமூகக் காடு வளர்ப்போர் என்ற அளவிலேதான். தொல்காப்பியர் மரத்தையும் தெய்வத்தையும் தொழிலையும் ஒரே நிலத்தின் கருப்பொருளாக எண்ணிய மொழி நம்முடையது. (டில்லியில் அதை யார் எடுத்துக்காட்டுவார்?)

விளைவு விரைவில் தெரிந்தது. ஆக்கிரமிப்புகளை முறைப்படுத்துவதை இதே வழக்கில் நீதிமன்றம் 2001 நவம்பரில் தடுத்தது. அவற்றை அகற்றும்படி 2002 மே மாதம் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிற்று. காட்டில் தலைமுறைகளாகக் குடியிருந்தோரும் ஆக்கிரமிப்பாளர் ஆயினர். அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. ஒடிசாவின் நியாம்கிரி மலைச் சுரங்க வழக்கில், 2013இல், கிராம சபைகளே தங்கள் உரிமைகளையும் வழிபாட்டையும் குறித்து ஆராய்ந்து சொல்லவேண்டும் என்று அதே உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பன்னிரண்டு சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன.

வரும் பருவத்தில் விளக்கவியல் வகுப்பில் இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து வாசிக்க எண்ணியிருக்கிறேன்.