வாட்ச்டவர்: இயங்கும் கொள்கலன்களைக் கண்காணிக்கும் மென்பொருள் – ஒரு மதிப்பீடு

வாட்ச்டவர் என்பது டாக்கர் கொள்கலன்களுக்கான ஒரு கட்டற்ற மென்பொருள். கோ நிரல்மொழியில் எழுதப்பட்டு, அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. பெயருக்குத் தமிழில் காவற்கோபுரம் என்று பொருள். இயங்கிக்கொண்டிருக்கும் கொள்கலன்களின் மாற்றங்களைக் கண்காணிப்பது என்று இதன் பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் எந்த மாற்றத்தை என்று கேட்டுக்கொள்ளாமல் நிறுவியவர் ஒருநாள் காலையில் தம் தளம் முடங்கிக் கிடப்பதைக் காண நேரலாம். புதிதாகக் கற்கும் மாணவர்களுக்கு இந்த இடம்தான் விளங்க வேண்டும்.

டாக்கரில் படிமம் வேறு, கொள்கலன் வேறு. படிமத்தை அச்சு என்று கொண்டால், கொள்கலன் அந்த அச்சில் வார்த்தெடுத்த பொருள். டாக்கர் ஹப் போன்ற பதிவகத்தில் அச்சைத் திருத்திப் புதிதாக வைத்தாலும், நம் கணினியில் முன்பே வார்த்த பொருள் பழையபடியே இருக்கும். இந்த இடைவெளியைத்தான் வாட்ச்டவர் கவனிக்கிறது. நாம் வேறு நேரம் குறிக்காவிட்டால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவகத்தைப் பார்க்கும். படிமம் மாறியிருந்தால் அதைப் பதிவிறக்கும். பழைய கொள்கலனுக்கு நிறுத்தக் குறிப்பு அனுப்பி, 10 விநாடி பொறுத்து, அதன் பின்னும் நிற்காவிட்டால் வலிந்து நிறுத்தி நீக்கிவிடும். பிறகு அதே பெயரில், அதே அமைப்புகளோடு புதியதை இயக்கும்.

ஆக, அது பார்ப்பது பதிவகத்தில் நேரும் மாற்றத்தை. கொள்கலனின் உள்ளே நடப்பது எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒரு கோப்பு சேர்ந்ததா, திருத்தப்பட்டதா, அழிந்ததா என்று அறிய டாக்கரிலேயே ‘டிஃப்’ என்னும் கட்டளை உண்டு. அத்துமீறல்களை உடனுக்குடன் அறிய ஃபால்கோ போன்ற கருவிகள் உண்டு. அவை லினக்ஸ் கருவுக்குப் போகும் அழைப்புகளையே கவனிப்பவை. வாட்ச்டவர் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓடும் கொள்கலனுக்குள் நுழைந்து அமைப்புக் கோப்பு ஒன்றை அவசரத்துக்குக் கையால் திருத்தியிருந்தால், அடுத்த புதுப்பித்தலில் அந்தத் திருத்தம் பழைய கொள்கலனோடு போய்விடும். வால்யூம் எனப்படும் வெளிச் சேமிப்பிடத்தில் வைத்தவை மட்டுமே தப்பும்.

என் முதன்மையான குறை இது. தினைப்புனத்தில் பரண்மேல் இருப்பவர் கிளியை விரட்டுவார். கதிரை அறுக்க இறங்கமாட்டார். இந்தக் காவற்கோபுரமோ கண்டதைச் சொல்வதோடு நில்லாமல் தானே இறங்கி வேலையை முடித்துவிடுகிறது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ‘லேட்டஸ்ட்’ என்னும் குறிச்சொல்லோடு அதை இயக்குகிறார். அப்போது அது 16ஆம் பதிப்பு. 2024 செப்டம்பரில் 17ஆம் பதிப்பு வெளியானது. குறிச்சொல் அதற்கு மாறியது. வாட்ச்டவர் தன் வழக்கப்படி புதியதை இயக்குகிறது. ஆனால் 16ஆம் பதிப்பு எழுதிய தரவுக் கோப்புகளை 17 ஏற்காது, தொடங்கவே மறுத்துவிடும். தரவு அழியவில்லை, சேவைதான் நின்றுவிட்டது. பழைய பதிப்புக்குத் தானே திரும்பும் ஏற்பாடு வாட்ச்டவரில் இல்லை. பழைய படிமங்களை நீக்கும் தெரிவையும் இயக்கி வைத்திருந்தால் கையிலிருந்த பழைய படிமமும் போயிருக்கும். முன்பு ஓடியது எந்தப் பதிப்பு என்று நினைவு வைத்திருந்தால்தான் மீண்டும் இறக்க முடியும்.

பிழை வாட்ச்டவருடையதா, ‘லேட்டஸ்ட்’ என்று எழுதியவருடையதா? எழுதியவருடையதே. ஆனாலும் நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் ஓடும் கொள்கலன்கள் அனைத்தையும் புதுப்பிப்பது என்ற இயல்பமைப்பு அந்தப் பிழைக்குத் துணை போகிறது. விதிவிலக்கை நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. முறையாகப் பார்த்தால் அனுமதியைத்தான் நம்மிடம் கேட்டிருக்க வேண்டும்.

அதிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். இது வேலை செய்ய டாக்கர் சாக்கெட்டை இதனிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சாக்கெட்டைக் கையில் வைத்திருப்பவர் அந்தக் கணினியின் முழு நிருவாகிக்குச் சமம். வாசலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொடுப்பதுபோல.

நன்றாகச் செய்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும். படிமம் மாறியதா என்று அறிய முழுப் படிமத்தையும் இறக்குவதில்லை. தலைப்புத் தகவலை மட்டும் கேட்டு அடையாள எண்ணை ஒப்பிடுகிறது. 2020 நவம்பர் முதல் டாக்கர் ஹப் பதிவிறக்கங்களுக்கு வரம்பு விதித்த பிறகு இது பெரிய உதவி. இதை உருவாக்கியவர்களும் ஒளித்துப் பேசவில்லை. வணிகச் சேவைகளுக்கு இது ஏற்றதன்று, வீட்டு வழங்கிகளுக்கும் சோதனைக் கணினிகளுக்குமே உரியது என்று தங்கள் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆவணத்தைப் படிக்காமல் கட்டளையை மட்டும் நகலெடுப்பது நம் மாணவர்களின் பழைய நோய்.

பாதுகாப்புத் திருத்தம் வந்தும் மாதக்கணக்கில் பழைய படிமத்தையே ஓட்டிக்கொண்டிருப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. எனவே ஒதுக்கித் தள்ள வேண்டிய கருவி அன்று இது. ‘கண்காணிப்பு மட்டும்’ என்ற தெரிவை முதலில் இயக்குங்கள். புதிய படிமம் வந்தால் அறிவிக்கும், ஓடும் கொள்கலன்களைத் தொடாது. சில வாரம் பழகிய பின், கெட்டாலும் பெரிய நட்டமில்லாத கொள்கலன்களுக்கு மட்டும் அடையாளமிட்டுத் தானியங்கிப் புதுப்பித்தலை அனுமதிக்கலாம். தரவுத்தளங்களுக்கு ‘லேட்டஸ்ட்’ வேண்டாம். ‘16’ என்று முதன்மைப் பதிப்பு எண்ணை எழுதிவிட்டால் அந்தப் பதிப்புக்குள் வரும் சிறு திருத்தங்கள் மட்டுமே வந்து சேரும். 17க்கு மாறும் நாளை, தரவை நகலெடுத்து வைத்துக்கொண்டு, நீங்களே குறித்துக்கொள்ளலாம்.