நிக்கான் டி700: வாரிசுக்குக் காத்திருந்த கேமரா

நிக்கான் டி700, 2008 ஜூலையில் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா. 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவே உள்ள சென்சார், 12.1 மெகாபிக்சல், வினாடிக்கு 5 படம், 51 ஃபோகஸ் புள்ளிகள், ஐ.எஸ்.ஓ. 6400 வரை இயல்பான உணர்திறன் ஆகியவை இதன் அடிப்படை இயல்புகள். 2007இல் வந்த டி3 என்னும் உயர்நிலைக் கேமராவின் சென்சார், இதில் சிறிய உடலிலும் குறைந்த விலையிலும் கிடைத்தது. இதை வாங்கியவர்கள் இதைவிடச் சற்று மேம்பட்ட அடுத்த மாதிரியை எதிர்பார்த்தனர். அந்த எதிர்பார்ப்பு நியாயமானதா, வந்த வாரிசுகள் அதை நிறைவேற்றினவா என்பதை ஆய்வுக்கூடத்து அளவுகளைவிடக் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வைத்துப் பார்ப்பதே சரியாக இருக்கும். இப்பகுதியில் தொழில்முறைக் கேமராவுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் கல்யாணம்தான்.

மண்டபத்தில்

கொங்கு வேளாளர் திருமணத்தில் சீர்கள் பல. மணமகனின் சகோதரி முன்னிற்கும் இணைச்சீர் போன்றவை பெரும்பாலும் இரவிலோ விடியலுக்கு முன்போ நடக்கும். சுற்றிலும் உறவினர் நெருக்கி நிற்பார்கள். ஃப்ளாஷ் அடித்தால் முகங்கள் வெளுத்து, பின்னணி இருண்டுவிடும். மங்கல வாழ்த்துப் பாடுபவரைப் படத்துக்காக இன்னொரு முறை பாடச் சொல்ல முடியாது. இந்த இடத்தில் டி700 செய்தது பெரிய காரியம். மஞ்சள் விளக்கொளியில் ஃப்ளாஷ் இல்லாமலே எடுத்த படத்தில் புள்ளிகள் குறைவாக, தோலின் நிறம் கெடாமல் வந்தது.

12 மெகாபிக்சல் போதாது என்ற குறை கணக்கில் பாதிதான் நிற்கிறது. டி700 படத்தின் நீளம் 4256 பிக்சல். 12க்கு 36 அங்குல ஆல்பத் தாளில் ஒரு பக்கம், அதாவது 18 அங்குலம், அச்சிட்டால் அங்குலத்துக்கு 236 பிக்சல் கிடைக்கும். கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு இது போதும். ஒரே படத்தை இரு பக்கமும் விரித்தால் 118 ஆகக் குறையும். அங்கேதான் தொய்வு தெரியும்.

உண்மையான குறைகள் வேறு. வியூஃபைண்டர் காட்டுவது படத்தின் 95 விழுக்காடு மட்டுமே. கண்ணில் படாத யாரோ ஒருவரின் முழங்கை படத்தின் ஓரத்தில் வந்துவிடும். நினைவக அட்டைக்கு ஒரே இடம்; அட்டை பழுதானால் முகூர்த்தமே போய்விடும். வீடியோ அறவே இல்லை. அதே 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2 முழு எச்.டி. வீடியோ எடுத்ததால் இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது.

டி800 கொடுத்ததும் எடுத்ததும்

ஆகவே உரிமையாளரின் வேண்டுதல் சிறியது: இதே கேமரா, இதே வேகம், இந்த மூன்று குறைகள் நீங்கி, பிக்சல் கொஞ்சம் கூடி. 2012 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட டி800 மூன்றையும் தீர்த்தது. வியூஃபைண்டர் 100 விழுக்காடு, இரண்டு அட்டைகள், முழு எச்.டி. வீடியோ. ஆனால் பிக்சல் கொஞ்சமல்ல, 36.3 மெகாபிக்சலாக மும்மடங்கானது. வேகம் வினாடிக்கு 4 படமாக இறங்கியது.

படத்தின் தரத்தில் டி800 எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. நிலக்காட்சிக்கும் விளம்பரப் படத்துக்கும் அது மிகச் சிறந்த கருவி. இடித்தது ஸ்டூடியோவில்தான். டி700இன் ரா கோப்பு ஏறத்தாழ 16 எம்.பி.; டி800இன் கோப்பு சுருக்கிய பின்பும் 40 எம்.பி.க்கு மேல். ஒரு கல்யாணத்துக்கு 2000 படம் என்றால் 32 ஜி.பி. இருந்த இடத்தில் 80 ஜி.பி. வேண்டும். கணினி, வட்டு, ஆல்பம் வடிவமைப்பவரின் நேரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியவர் சிறு ஸ்டூடியோக்காரர். கல்யாண வீட்டார் அதற்காகக் கூலியைக் கூட்டித் தரப்போவதில்லை.

2014இல் வந்த டி750 வினாடிக்கு 6.5 படம், 24.3 மெகாபிக்சல் என நடுவழிக்கு வந்தது. ஆனால் ஷட்டர் வேகம் 1/8000இலிருந்து 1/4000 ஆனது. பொத்தான்களின் அமைப்பும் மாறியது. 2017இல் வந்த டி850இல் வேகமும் உறுதியான உடலும் ஒன்றாகக் கிடைத்தன. அதிலும் 45.7 மெகாபிக்சல்.

பறவைப் படக்காரர் கதையும் இதேதான். சிங்காநல்லூர், சூலூர்க் குளக்கரைகளிலும் வால்பாறை இருவாட்சிகளின் பின்னாலும் செல்பவர்க்குச் சிறிய சென்சார் உதவும், 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ. போலப் பார்க்கும். 2009இன் டி300எஸ்ஸுக்கு உரிய வாரிசான டி500 வந்தது 2016 ஜனவரியில். ஆறரை ஆண்டு. டி500க்குப் பிறகு அதே எஃப் மவுண்டில் வாரிசு வரவே இல்லை.

காத்திருக்க வைத்த காரணம்

பிலிம் காலத்தில் இந்தக் காத்திருப்பு இவ்வளவு கடுமையாக இல்லை. புதிய பிலிம் சந்தைக்கு வந்தால் பழைய கேமராவிலேயே படம் மேம்படும். டிஜிட்டலில் சென்சார்தான் பிலிம். அது உடலோடு சேர்த்துப் பூட்டப்பட்டது. பிலிமை மாற்ற உடலையே மாற்ற வேண்டும் என்ற இந்த ஏற்பாடு வணிகத்துக்கு வசதியானது. விமர்சகர்கள் பெரும்பாலும் மெகாபிக்சலை எண்ணுவதோடு நின்று, இதைக் கேள்வி கேட்காமல் விட்டார்கள்.

கோவைக்கு இது இன்னும் பொருந்தாத ஏற்பாடு. மோட்டார் சரியில்லை என்றால் காயில் கட்டுவதும், பம்பின் பாகத்தை லேத்தில் கடைந்து மாற்றுவதும் இவ்வூர் வழக்கம். இவ்வூர் ஜி.டி. நாயுடு (1893–1974) மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி ஆகியவற்றோடு பிலிம் கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றையும் உருவாக்கியவர். கேமராவின் குறையை அவர் அடுத்த மாதிரிக்கு விட்டுவைக்கவில்லை. பல்சக்கரமும் கண்ணாடியுமாக இருந்த கேமராவில் அது முடிந்தது. டி700இன் 95 விழுக்காட்டை 100 ஆக்க எந்தப் பட்டறையாலும் ஆகாது. திறமையான கைகளை உடைய உரிமையாளரும் அறிவிப்புக்குக் காத்திருப்பவராகவே இருந்தார்.

டி700இல் பணிமனை மாற்றித் தரக்கூடிய முக்கியப் பாகம் ஷட்டர். அது 1,50,000 படங்களுக்குச் சோதிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு 2000 என்றால் 75 கல்யாணம். பழைய டி700 வாங்க வருபவர் உடலின் கீறலைப் பார்ப்பதற்கு முன்பு கேட்பது அந்த எண்ணிக்கையைத்தான்.