உள்வட்டத்தில் நிற்பவன்

மல்கிரேவில் எங்கள் வீட்டுக் கராஜில் அடுக்கியுள்ள நூல்களில் அதிகம் இரவல் போவது கவிதையுமல்ல, அரசியலுமல்ல. ஸ்டீபன் கோவி 1989 இல் எழுதிய ஏழு பழக்கங்கள் பற்றிய நூலே. நம்மவர் சிலர் முகம் சுழிக்கலாம்; நானும் சுழித்தவன்தான். ஆயினும், 2012 இன் பிற்பகுதியில் படகில் வந்து இன்னமும் பிரிட்ஜிங் விசாவில் இரவுவேலை செய்யும் தம்பி ஒருவன், மூன்று கிழமை வைத்திருந்துவிட்டு அதைத் திருப்பித் தந்தபோது சொன்னவை என்னை மீண்டும் வாசிக்க வைத்தன.

கோவி இரண்டு வட்டங்கள் வரைகிறார். நாம் கவலைப்படுபவை வெளிவட்டம், நம்மால் மாற்றக்கூடியவை உள்வட்டம். உள்வட்டத்தில் உழைத்தால் அது விரியும் என்பது அவரது வாதம்.

"அண்ணை, என்ர உள்வட்டத்துக்குள்ள நான் மட்டும்தான் நிக்கிறன். மனிசி, பிள்ளை, விசா எல்லாம் வெளியில" என்றான் தம்பி.

இரண்டாவது பழக்கத்துக்காக, மூன்று ஆண்டுகளின் பின் நிகழும் தன் மரணச்சடங்கை வாசகன் கற்பனை செய்யவேண்டும். குடும்பம், நட்பு, தொழில், சமூகம் என நான்கு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் பேசுவர். எந்த நாட்டில் என்பது கோவிக்கு ஒரு கேள்வியே அல்ல. 2009 இல் முள்ளிவாய்க்காலில் சடங்கேயின்றி உடல்களை விட்டு வந்தவனுக்கு, அந்தப் பக்கத்தைத் தாண்டுவதே பெரும்பாடு.

இவ்வகை எழுத்து தமிழுக்கு நேற்று வந்ததல்ல. 1908 இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி, அவ்வாண்டே இராஜத்துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டுச் செக்கிழுத்த வ. உ. சிதம்பரம்பிள்ளை, சிறைக்காலத்தில் மொழிபெயர்த்தது ஜேம்ஸ் அலனின் ஒரு சிறுநூலை. தமிழில் அதன் பெயர் 'மனம் போல வாழ்வு'. சூழ்நிலை எண்ணத்தின் விளைவே என்பது அலனின் கட்சி. அப்படியானால் செக்குக்கும் வ. உ. சி.யின் எண்ணம்தான் காரணமா? வெள்ளை அரசு குற்றமற்றதா? அவர் இவ்வாறு வாசித்திருப்பார் என நான் நம்பவில்லை. சிறைக்காரனின் கை எட்டாத இடமொன்று தன்னுள் உண்டு என்பதற்காகவே அந்நூலைப் பற்றியிருப்பார். தனக்குத்தானே சொல்லும்போது அது தெம்பு. அதையே சிறைக்காரன் சொன்னால் தீர்ப்பு.

நமது ஒன்றுகூடல்களில் நடப்பது இரண்டாவது. எண்பதுகளில் தொழில்வல்லுநராக விமானத்தில் வந்திறங்கி வீடு வாங்கியவர், "மனமிருந்தால் முன்னேறலாம்" என்று படகில் வந்தவனுக்குப் போதிக்கிறார். 2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசாக்களில் இருந்த ஏறக்குறைய 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறக்கப்பட்டது. முன்னரே விரைவு விசாரணை முறையில் நிராகரிக்கப்பட்டோர் அதற்குள் வரவில்லை. ஒரே படகில் வந்த இருவரில் ஒருவன் இன்று வீட்டுக்கடன் பற்றி விசாரிக்கிறான், மற்றவன் விசாக் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். இருவரும் விடிய எழும்பும் நேரம் ஒன்றுதான். இதற்கு எந்தப் பழக்கத்தைக் காரணம் காட்டுவது?

இதனால் இந்நூல்களைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. பதில் சொல்ல அந்தரப்படாமல் முதலில் மற்றவரை விளங்கிக்கொள் என்கிற ஐந்தாவது பழக்கம், பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாகத் தொலைபேசியில் மட்டும் குடும்பம் நடத்துபவனுக்கு உண்மையிலேயே உதவியிருக்கிறது. மனிசி அழும்போது இப்போது குறுக்கே கதைப்பதில்லை என்றான் தம்பி. அந்த அத்தியாயத்தை மட்டும் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு போனான்.