வாக்கு: காதால் ரசிக்க ஒரு சொல்

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், 'வாக்கு' என்ற ஒரே சொல் நாலைந்து வேஷத்தில் வந்து போவதைக் கேட்கலாம். அதை ரசிக்க எளிய வழி உண்டு. வாக்கு என்று காதில் விழுந்ததும், பின்னாலேயே வரும் வினையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொடுக்கிறார்களா, கேட்கிறார்களா, தவறுகிறார்களா, பலிக்கிறதா? ருசி அங்கேதான் இருக்கிறது.

'கேட்பதில்' ஆரம்பிக்கலாம். கரூர், திண்டுக்கல் வட்டாரக் கோயில்களில் பூவாக்கு கேட்பது வழக்கம். சம்பந்தம் பேசுமுன், கிணறு வெட்டுமுன் சாமியிடம் ஒரு வார்த்தை. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்து சாமி முன்னால் போடுவார்கள். எந்தப் பூ வந்தால் சம்மதம் என்று மனசுக்குள் முதலிலேயே முடிவு செய்திருப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். சாமி வாய் திறக்கவே இல்லை; ஆனாலும் அது வாக்கு. வந்த பூ பிடிக்காமல், "இன்னொரு தடவ கேட்டுப் பாப்பமே" என்று இழுக்கும் பெரியப்பா எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

இதே 'வாக்கு கேட்பது' தேர்தல் வந்தால் தெருவுக்கு வருகிறது. இப்போது கேட்பவர் வேட்பாளர், சாமி இடத்தில் நாம். குஜிலியம்பாறைக்கு அதில் ஒரு வேடிக்கை: மாவட்டம் திண்டுக்கல், சட்டமன்றத் தொகுதி வேடசந்தூர், நாடாளுமன்றத்துக்கோ கரூர் தொகுதி. சுவரிலும் ஒலிபெருக்கியிலும் 'வாக்களிப்பீர்' என்பார்கள். டீக்கடையில் அது ஓட்டுதான். யாரும் "வாக்களிச்சுட்டு வந்தேன்" என்று சொல்லிக் கேட்டதில்லை. 'வாக்களித்தார்' என்றால் ஓட்டுப் போட்டார் என்றும் பொருள், உறுதி தந்தார் என்றும் பொருள். தேர்தல் காலத்தில் மேடையில் இருப்பவரும் கீழே நிற்பவரும் ஒருவருக்கொருவர் வாக்களித்துக்கொள்கிறார்கள். எது நிற்கிறது என்பதை அவரவர் அனுபவத்துக்கு விட்டுவிடலாம்.

அடுத்தது 'கொடுப்பது'. அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையில் விலை படிந்ததும் கொஞ்சம் பணம் அச்சாரமாகக் கை மாறும். அதற்கப்புறம் வேறொருவர் கூடுதலாகக் கேட்டாலும், "வாக்கு குடுத்துட்டேன்ணே" என்றால் விஷயம் முடிந்தது. தெலுங்கு பேசும் வீடுகளில் இதற்கு 'மாட்ட' என்பார்கள். பேச்சுக்கும் அதுதான், கொடுத்த உறுதிக்கும் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் படித்த மூதுரைக்கு 'வாக்குண்டாம்' என்று இன்னொரு பெயர். அங்கே வாக்கு என்றால் சொல்வளம். காவல் நிலையத்தில் மூலம் சேர்ந்து வாக்குமூலம் ஆகிவிட்டால் வளத்துக்கு அங்கே வேலையில்லை. சொன்னதை எழுதி வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசி வேஷம். வாலில் ஒரு 'ல' ஒட்டிக்கொண்டால் போதும், அத்தனை இறுக்கமும் தளர்ந்துவிடும். "பேச்சுவாக்குல சொன்னேன், மனசுல வச்சுக்காதீங்க மாமா." "பலகைய நீளவாக்குல அறுப்பா." "அஞ்சு மணி வாக்குல வாறேன்." பேச்சைக் குறிக்கும் வாக்கு வடமொழி வழி வந்தது. பக்கத்தையும் உத்தேசத்தையும் காட்டும் வாக்கு அதற்கு உறவா, வெறும் பெயர்ப் பொருத்தமா என்பது தமிழாசிரியர்களின் வழக்கு. கேட்கிற நமக்கு வேண்டியது இதுதான்: "அஞ்சு மணிக்கு வர்றேன்னு வாக்கு குடுத்தாரு" என்றால் நாலே முக்காலுக்கே போய் நில்லுங்கள். "அஞ்சு மணி வாக்குல வர்றேன்னாரு" என்றால் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.