எலினோர் யாருடைய வண்டி?

2025ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் விந்தையானதொரு வழக்கிற்குத் தீர்ப்பு வழங்கப்பெற்றது. திரைப்படத்தில் வரும் ஒரு மோட்டார் வண்டியைக் கதைமாந்தராகக் கொள்ளலாமா, கொண்டால் அதற்குப் பதிப்புரிமை உண்டா என்பதே வழக்கு. அவ்வண்டியின் பெயர் எலினோர். ‘கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ்’ என்னும் பெயரில் 1974ஆம் ஆண்டிலும், பிறகு புதுப்பிக்கப்பட்டு 2000ஆம் ஆண்டிலும் வெளிவந்த கார்த் திருட்டுப் படங்களில் அது வருகிறது. அறுபது நொடியில் மாயம் என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். முதற் படத்தை எடுத்தவரின் மனைவி ஒருபுறம். விரைவுக் கார்களுக்குப் பேர்போன கேரல் ஷெல்பியின் உரிமைகளைக் கையாளும் நிறுவனம் மறுபுறம். எலினோர் சிந்திப்பதில்லை, உணர்வதில்லை, படத்துக்குப் படம் அதன் தோற்றமும் ஒன்றாயில்லை. எனவே அது கதைமாந்தர் அன்று என நீதிபதிகள் முடிவு செய்தனர். இதே நீதிமன்றம் 2015இல் ‘பேட்மேன்’ கதையில் வரும் காருக்கு அந்தத் தகுதியை வழங்கியிருந்தது என்பது வேடிக்கை.

சிவகாசியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். அறுபது நொடியில் மாயமாகும் பொருள்களைச் செய்து பிழைக்கும் ஊர் எங்கள் ஊர். ஆண்டு முழுவதும் பல கைகள் உருட்டிச் செலுத்திக் கட்டி ஒட்டிய பொருள், ஒரு நாள் இரவில் கண்ணிமைக்கும் நேரத்தில் காகிதக் குப்பையாகிறது. அதைச் செய்தவர் யார் என்று கொளுத்துகிறவர் கேட்பதில்லை. ஆகையால், உடைப்பதற்கென்றே செய்யப்பட்ட கார்களைப் பற்றிய படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, துரத்தலைவிட வேறு ஏதோ ஒன்றில் என் மனம் சென்றது.

‘மசில் கார்’ எனப்படுபவை அமெரிக்காவில் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் பெருகிய ஓர் இனம். நடுத்தர உடலில் பேரெஞ்சினைப் பொருத்தி, ஓர் இளைஞன் கடன் வாங்கியேனும் வாங்கக்கூடிய விலையில் விற்றார்கள். 2000ஆம் ஆண்டுப் படத்தின் எலினோர், கதையின்படி 1967ஆம் ஆண்டு ஷெல்பி ஜி.டி. 500. அந்த வண்டியின் எஞ்சின் ஏழு லிட்டர் கொள்ளளவுடையது. நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரின் எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் மூர்க்கம் விளங்கும்.

ஆனால் திரையில் நாம் காண்பது அந்த ஷெல்பி அன்று. சாதாரண மஸ்டாங் வண்டிகளை வாங்கி, கண்ணாடி இழையில் வார்த்த முகப்பும் பக்கவாட்டுப் பகுதிகளும் பொருத்தி, சாம்பல் வண்ணம் பூசி, கரிய பட்டைகள் தீட்டி, ஒரு பட்டறையில் பத்துக்கு மேற்பட்ட எலினோர்களைச் செய்தார்கள். ஸ்டீவ் ஸ்டான்ஃபோர்டு வரைய, சிப் ஃபூஸ் அவ்வடிவத்திற்கு உருக்கொடுத்தார். சில வண்டிகள் நெருங்கிக் காட்டுவதற்கு, சில ஓடுவதற்கு, சில நொறுங்குவதற்கு. முந்தைய படத்தின் மஞ்சள் எலினோரும் வேடம் புனைந்ததே: 1971ஆம் ஆண்டு வண்டிகள் இரண்டை 1973ஆம் ஆண்டு வண்டிபோலத் தோன்றும்படி மாற்றியமைத்தார்கள். அப்பட்டறைத் தொழிலாளரின் கைத்திறத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உலோகத்தையும் இழையையும் சேரவைத்து, இணைப்பே தெரியாமல் தேய்த்து மெருகேற்றுவது அரிய வேலை. அச்சகத்தில் நான்கு வண்ணமும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவைக்கும் தொழிலாளர்களை அறிந்த நமக்கு அதன் அருமை தெரியும். அந்தப் பத்துக்கு மேற்பட்டவற்றில் மிஞ்சிய ஒரு வண்டி 2013இல் பத்து இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

இரண்டு படங்களில் முதலாவதே நேர்மையானது என்பது என் எண்ணம். எச்.பி. ஹாலிக்கி என்பவர் அதை எழுதி, இயக்கி, தயாரித்து, தாமே நடித்து, வண்டியையும் தாமே ஓட்டினார். பழைய கார்களை வாங்கிப் பிரித்து விற்கும் தொழிலில் இருந்தவர். நடிக்கக் கற்றவரல்லர், உரையாடல்கள் மரத்தால் செய்தவைபோல் இருக்கும். ஆயினும் இறுதியில் வரும் ஏறக்குறைய நாற்பது நிமிடத் துரத்தலில் இரும்பு இரும்பாகவே நசுங்குகிறது. 93 வண்டிகள் அப்படத்தில் அழிந்தன. விளக்குக் கம்பத்தில் எலினோர் மோதும் காட்சி நடிப்பன்று; உண்மையாகவே நேர்ந்த விபத்து. கடைசியில் வண்டி 128 அடி தூரம் பாய்ந்து விழுகிறது. அதில் ஹாலிக்கியின் முதுகெலும்பு அடிபட்டது. புதிய படத்தில் பாலத்தின்மேல் எலினோர் பறக்கும்போது கணினியின் உதவி நமக்குத் தெரிந்துவிடுகிறது. எடையில்லாத ஒரு பொருள் காற்றில் மிதக்கிறது, அவ்வளவே.

ஹாலிக்கியின் முடிவையும் சொல்லவேண்டும். 1989 ஆகஸ்டு 20 அன்று, அதன் அடுத்த படத்திற்காக நியூயார்க் மாநிலத்தில் ஒரு நீர்த்தொட்டிக் கோபுரத்தைச் சாய்க்கும் காட்சிக்கு ஆயத்தம் நடந்தது. கம்பிவடம் அறுந்து, தொலைபேசிக் கம்பம் ஒன்று முறிந்து அவர்மேல் விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் பிரிந்தது. காட்சிக்காக ஏற்பாடு செய்த அழிவு ஏற்பாட்டை மீறுவதை எங்கள் வட்டாரத்தார்க்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் மாண்ட முப்பதுக்கும் மேற்பட்டோருள், உதவுவதற்கும் பார்ப்பதற்கும் ஓடிச்சென்றவர்களும் இருந்தார்கள். திரையில் எது வெடித்தாலும் கைதட்டும் பழக்கம் அதன்பின் எனக்கு விட்டுப்போயிற்று.

இனி, என் மனத்தை உறுத்திய பொருளுக்கு வருகிறேன். முதற் படத்தில் 48 கார்கள், இரண்டாவதில் 50. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர்; காவலர் ஒட்டுக்கேட்டாலும் விளங்காதிருக்க வைத்த குறிப்புப் பெயர்கள். பெண்ணின் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி, கைப்பற்றக் கைப்பற்ற அடித்துச் செல்லும் அந்தக் காட்சியில் அருவருப்பான ஒன்று இருக்கிறது. அதை யாரும் குறிப்பிட்டு நான் படித்ததில்லை. ஆனால் அதைவிடப் பெரியது, இத்தனை கார்களுக்கும் பெயர் இருக்க, அவற்றின் உடைமையாளர்களுக்குப் பெயரில்லாமையே. வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிறது, பூட்டு திறக்கிறது, எஞ்சின் உறுமுகிறது, நாம் மகிழ்கிறோம். அதைப் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பி வந்து வெறுந்தரையைப் பார்க்கும் முகத்தை இயக்குநர் ஏறத்தாழ எங்கும் காட்டவில்லை. காட்டினால் படம் அங்கேயே நின்றுவிடும்.

ஹாலிக்கிக்கு இது ஓரளவு தெரிந்திருந்தது. அவருடைய திருடனுக்கு ஒரு விரதம் உண்டு: காப்பீடு செய்யப்பட்ட வண்டியையே திருடுவான். முதலில் எடுத்த எலினோருக்குக் காப்பீடு இல்லை என்று தெரிந்ததும் அதைத் திருப்பிவிட்டு வேறொன்றைத் தேடிப் போகிறான். வலையில் விழுவதும் அதனாலேதான். காப்பீட்டு நிறுவனம் பணம் தந்துவிடும், யாருக்கும் நட்டமில்லை என்பது அவனுடைய அறக்கணக்கு. ஏழாம் கட்டளைக்கு இப்படியொரு விலக்கு விதி எந்த மறைக்கல்வி நூலிலும் இல்லை! இருந்தாலும், திருட்டு ஒருவரைத் தொடுகிறது என்ற நினைவு அவனிடம் சிறிதேனும் இருக்கிறது. அந்த நினைவையும் இறுதிக் காட்சி அழித்துவிடுகிறது. நொறுங்கிய எலினோரோடு கார் கழுவும் நிலையத்துக்கு வருகிறான். அதேபோன்ற வேறொருவரின் மஞ்சள் மஸ்டாங் அங்கே நிற்கிறது. அதை எடுத்துக்கொண்டு தப்பிவிடுகிறான். படம் முழுவதிலும் நம் கண்முன் வண்டியை இழந்து நிற்கும் அந்த ஓர் உடைமையாளர் நமக்குச் சிரிப்புப் பொருளாக்கப்படுகிறார்.

புதிய படத்தில் காப்பீட்டு விரதம்கூட இல்லை. அதற்குப் பதில் தம்பியின் உயிர். நிக்கலஸ் கேஜ் நடிக்கும் அண்ணன், கொடியவன் ஒருவனிடமிருந்து தம்பியை மீட்க ஒரே இரவில் ஐம்பது கார்களைத் திருடவேண்டும். இரத்தபாசம் என்னும் முத்திரையைக் குத்திவிட்டால் எக்குற்றமும் தூயதாகிவிடும் என்பது நம் தமிழ்ப் படங்களும் நன்கறிந்த உத்திதான். கேஜ் எலினோரிடம் காதலியிடம் பேசுவதுபோல் பேசுகிறார். இதைக் கண்டபோது ரித்விக் கட்டக் 1958இல் எடுத்த ‘அஜாந்திரிக்’ என்னும் வங்கப் படம் நினைவுக்கு வந்தது. அதிலும் ஒரு வாடகைக் கார் ஓட்டி தன் பழைய செவர்லே வண்டியோடு பேசுவான். அவன் பேசுவது தன்னைச் சோறூட்டிய ஒன்றோடு. வண்டி இறுதியில் இரும்புக்கு விற்கப்படுகிறது. அதன் ஒலிப்பானை ஒரு குழந்தை அழுத்துவதைக் கேட்டு அவன் சிரிக்கிறான். மெருகேற்றிய பத்துக்கு மேற்பட்ட எலினோர்கள் சேர்ந்தாலும் அந்த ஒரு ஓட்டை வண்டிக்கு ஈடாகா.

திருட்டை இழந்தவர் பக்கம் நின்று காட்டிய படம் எது என்று கேட்டால், திரையுலகம் ஒருமுகமாக 1948இல் வெளிவந்த விட்டோரியோ டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ என்றே சொல்லும். திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில், வாழ்வின் விழுமியங்களைக் காட்டும் படங்களுள் ஒன்றாக அது இடம்பெற்றது. சைக்கிள் இருந்தால்தான் சுவரொட்டி ஒட்டும் வேலை. வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அந்தோனியோவின் மனைவி சைக்கிளை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே, ஒரு நடிகையின் சுவரொட்டியை அவன் சுருக்கமில்லாமல் நீவிக்கொண்டிருக்கையில் சைக்கிள் பறிபோகிறது. திரைப்படச் சுவரொட்டிகளை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பிய ஊரில் இருந்து பார்க்கும்போது அந்தக் காட்சி கூடுதலாகச் சுடுகிறது. சைக்கிளுக்கு அப்படத்தில் அழகில்லை. தனி வண்ணப் பூச்சில்லை. ஆனால் அது எங்கே போயிற்று என்று நாம் துடிக்கிறோம்.

தமிழில் இதன் வழிவந்தது வெற்றிமாறனின் முதற் படமான ‘பொல்லாதவன்’. 2007 நவம்பர் 8, தீபாவளியன்று வெளிவந்தது. அதாவது எங்கள் ஊரின் ஓராண்டு உழைப்பு புகையாகிய அதே நாளில். வேலையற்ற இளைஞன் தந்தையிடம் பெற்ற பணத்தில் ஒரு பல்சர் வாங்குகிறான். வண்டி வந்ததும் வேலை வருகிறது, காதல் கனிகிறது, வீட்டில் மதிப்பும் கூடுகிறது. பிறகு வண்டி காணாமற்போகிறது. தனுஷின் முகத்தில் அப்போது தோன்றும் வெறுமை, ஐம்பது கார்த் திருட்டுகளில் காணாத ஒன்று. திருடுபோன வண்டி எந்தெந்தக் கைகளுக்கு மாறுகிறது என்னும் இருண்ட உலகத்தையும் இயக்குநர் சலிப்பின்றிக் காட்டுகிறார்.

குறையும் உண்டு. பின்பாதியில் வண்டி பின்னுக்குப் போய்விடுகிறது. போதைப் பொருள், வன்முறைக் கும்பல், தலைவனின் தம்பியோடு பகை என்று படம் வேறு பாதையில் ஓடத் தொடங்கியதும், இழந்தவன் அடித்து வெல்பவனாகிறான். டி சிக்காவின் அந்தோனியோ தானே ஒரு சைக்கிளைத் திருடப் போய், மகன் புரூனோ பார்த்திருக்க அகப்பட்டு அவமானப்படுகிறான். அந்த அவமானத்தைத் தமிழ் நாயகனுக்குத் தர நம் திரைத்தொழில் துணியவில்லை. தீபாவளிக்கு வரும் படம் வெடித்தாக வேண்டும் போலும்.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவர் அச்சகத் தொழிலாளி. சில ஆண்டுகளுக்கு முன் ஆலயத் திருவிழா இரவில், தேர்ப்பவனி முடிந்து வந்து பார்த்தபோது அவருடைய டி.வி.எஸ். 50 நிறுத்திய இடத்தில் இல்லை. எட்டுத் தவணை பாக்கியிருந்தது. காப்பீடு காலாவதியாகி இரண்டு மாதம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார். ஹாலிக்கியின் திருடனாக இருந்தால் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருப்பான்! எட்டுத் தவணையும் இல்லாத வண்டிக்காகக் கட்டி முடித்தார். அந்த எட்டு மாதமும் விடியற்காலையில் நடந்தே அச்சகத்துக்குப் போனார்.

இந்தக் கட்டுரையை எழுத நினைத்தபோது, தமிழில் ஒலிமாற்றம் செய்த அந்த 2000ஆம் ஆண்டுப் படத்தை அவருடைய வீட்டில்தான் மீண்டும் பார்த்தேன். அவருடைய மகன் ஒவ்வொரு காரின் பெயரையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். எலினோர் பாலத்தில் பறந்தபோது துள்ளிக் குதித்தான். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து விளக்கைப் போட்டதும்தான் கேட்டார்: “ஏன் அண்ணாச்சி, அந்த அம்பது பேரும் மறுநா காலையில வேலைக்கு எதுல போயிருப்பாங்க?”

பையன் சிரித்தான். அவர் எழுந்து, மறுநாள் முதல் ஷிப்டுக்காகக் கடிகாரத்தில் மணி வைக்கப் போனார்.