இரண்டு ஆய்வுகளுக்கு வெளியே நிற்கும் பையன்

குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றி எழுதும் சமூகப்பணியாளர்கள் அதிகம் சாய்வது இரண்டு ஆய்வுகளின் மீது. ஒன்று, சென்னையின் துளிர் அமைப்பும் சேவ் தி சில்ட்ரனும் சேர்ந்து 2006-இல் வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரில் 42 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மற்றது, மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் 2007 அறிக்கை: 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள், 53.22 சதவீதம்.

இந்த 53-ஐ அப்படியே எடுத்துப் போடுவது சரியல்ல. ஆபாசப் படத்தைக் காட்டியது முதல் வல்லுறவு வரை எல்லாம் அதற்குள் அடக்கம். கடுமையான வகைகளை மட்டும் பிரித்தால் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். துளிரில் 15 சதவீதம். இதுவே நெஞ்சைப் பிசைகிறது, எண்ணைப் பெரிதாக்க வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

துளிர் ஆய்வின் பெரும்பலம் வேறு. எல்லா வருமானப் பிரிவிலும் பிள்ளைகள் ஒரே அளவு ஆபத்தில் இருக்கிறார்கள் என்றது அது. வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர் என்றாலே குடி, ஒற்றை அறை வீடு, ஷிப்ட் வேலைக்குப் போன பெற்றோர் என்று காரணத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இது நேரடி மறுப்பு. பாதிப்பைச் சொன்ன பையன்கள் 48 சதவீதம், பெண்கள் 39. வடசென்னைப் பையனை நாளைய ரவுடியாகப் பார்க்கப் பழகிய ஊரில், அவனும் பாதிக்கப்பட்டவனாக இருக்கலாம் என்பதை இன்னும் எத்தனை பேர் ஏற்கிறார்கள்?

ஆனால் துளிர் கேட்டது பள்ளியில் இருந்தவர்களிடம். விடியற்காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக் கூடை தூக்கும், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பையன் அதில் இல்லை. அமைச்சகம் வேலை செய்யும் பிள்ளைகளையும் தெருவில் வாழ்பவர்களையும் தனித்தனியாகவே எடுத்தது; அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. இரண்டு ஆய்வுகளும் அவனைத் தவறவிட்டன. அவற்றைச் சேர்த்து வைத்து 'வடசென்னை நிலை' என்று எழுதுகிறவர், கேட்கப்படாத பிள்ளையின் பெயரால் பேசுகிறார்.

2012-இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் வந்தபின் கேட்பதே சிக்கலாகிவிட்டது. 19-ஆம் பிரிவின்படி, குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்கு வரும் எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) மாணவிக்குக் குழந்தையிடம் 'உனக்கு இது நடந்ததா' என்று கேட்கத் துணிவு எங்கிருந்து வரும்? தன் ஆய்வேட்டுக்கு அவர் 'விழிப்புணர்வு' அளக்கிறார். குழந்தைகள் உதவி எண் 1098 தெரியுமா, நல்ல தொடுதல் கெட்ட தொடுதல் தெரியுமா என்று கேட்டுச் சதவீதம் போடுகிறார். மாணவியைக் குறை சொல்ல மாட்டேன். கொடுமையைப் பற்றி ஒரு வரியும் சொல்லாத அந்தப் பக்கங்களைக் கொடுமை பற்றிய ஆய்வு என்று ஏற்கும் வழிகாட்டிகள்மீதுதான் எனக்குக் குறை.

ஆகவே என் தீர்ப்பு: துளிர் ஆய்வு இன்றும் நிற்கிறது, சென்னையின் பள்ளிப் பிள்ளைகள் அளவில். அமைச்சக அறிக்கையின் எண்களை இங்கே பொருத்த முடியாது. அதன் முறையை எடுத்துக்கொள்ளலாம். 18 முதல் 24 வயது வரையுள்ள 2,324 பேரிடமும் அது அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டது. எண்ணூரிலும் காசிமேட்டிலும் அந்த வயதில், பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும், கேட்டபின் கைகொடுக்க ஒரு மனநல ஆலோசகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.